குறோஸ் வீட்டாரின் பெரிய எழுத்து

அன்பும் மதிப்பும் மிக்க டெனிஸ்டன் மச்சானுக்கு,

பியர்பொன்ட்ஸிலிருந்து றெனோல்ட் எழுதுவது. மாதாவின் காவலில் நானும் உம்முடைய தங்கச்சி அக்னெஸும் சுகம். ஜேர்மனியில் உம்முடைய முழங்கால் நோவும் குறைந்திருக்குமென நம்புகிறேன்.

மகள் ஜெனாட்டின் கலியாணம் வாற மாதம். மாப்பிள்ளை லூக்காஸ் உங்கள் பக்கத்து ஜேர்மன்காரப் பெடியன், தங்கமானவன். குடும்பப் பெயர் குறோஸ். கரைச்சல் அதன் கடைசி எழுத்தில். வயிறு தள்ளிய B போல நிற்கும், ‘ஸ்’ என்று வாசிக்க வேண்டுமாம். மேடைக்குப் பின்னால் பெயர்களைக் கொட்டை எழுத்தில், எல்லாம் கப்பிட்டலாக, வெட்டி ஒட்டுவது நம்மவர் வழக்கமல்லவா? டெக்கரேசன் செய்யும் விதுர்சன், “அண்ணை, இதின்ரை பெரிய எழுத்து எது?” என்றான். தமிழில் பெரிசு சின்னன் இல்லாததால் எனக்குப் புதினமாயிருந்தது. பஸ்ஸும் மெத்ரோவும் மாறி டவுன்டவுன் நூலகம் போய்ப் பார்த்தால், ஜேர்மன்காரரே இதுக்காக நூறு வருசத்துக்கு மேலாகப் பிடுங்குப்பட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கும் முதலில் வராத எழுத்துக்குப் பெரிய எழுத்து என்னத்துக்கு? முன்பு இரண்டு S போட்டார்களாம், அண்மையில்தான் புதிதாக ஒன்றை ஏற்றார்களாம்.

சம்பந்தியரிடமே கேட்போமென்று வீடியோவில் அழைத்தேன். இருவரும் பிரிந்து வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். தகப்பன், “புது எழுத்தைக் கண்டால் மண்டபத்துக்குள் கால் வைக்கமாட்டேன்” என்றார். வாத்தியாரான தாய், “இரண்டு S போட்டால் அப்படியே திரும்பிப் போவேன்” என்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுத்துக் கதைத்து நமக்கு எங்கே பழக்கம்? இரண்டு பேருக்கும் ஓம் ஓமென்று தலையாட்டிப்போட்டேன். அக்னெஸ் பிடித்துக்கொண்டாள். “ஒரு சம்பந்தி வராட்டிலும் பிள்ளை கோயிலுக்குள்ள அழுதுகொண்டெல்லோ நிக்கும். இப்ப எதை வெட்டப் போறியள்?” எனக்கு நித்திரையே இல்லை மச்சான். இவ்வளவு காலம் ஜேர்மன்காரரோடு சீவிக்கிறீர், இந்த இரண்டு பேரில் யாருக்குக் கோபம் கெதியில் ஆறுமென்று எழுதும்.

உம்முடைய வீட்டில் எல்லோருக்கும் அந்தோனியார் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
றெனோல்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் லூக்காஸ் வந்தான். இந்தச் சண்டை போதுமாம். ஜேர்மன் சட்டப்படி பெண்சாதியின் கடைசிப் பெயரை எடுக்கலாமாம், அதையே எடுக்கப் போறானாம். ஜெனாட்டின் கடைசிப் பெயர் என்ரை பெயர்தானே. நம்ம சனம் மேடையைப் பார்த்தால் அண்ணனும் தங்கச்சியும் எண்டெல்லோ நினைக்கும். ஆனாலும் ஆம்பிளைப் பிள்ளை இல்லாத எனக்கு அழுகை வந்திட்டுது, ஓம் எண்டிட்டன். ஆகையால் எழுத்து விசயத்தை விடும். இனி அந்தப் பெயரே இல்லை எண்டதைக் குறோஸ் ஐயாவுக்கு ஜேர்மன் மொழியில் எப்படிப் பக்குவமாகச் சொல்லுறது எண்டு மட்டும் எழுதும்.