ஏழு பைப்பும் ஒரு செருப்பும்

ஏழு பைப்பில் ஆறு பாடின. ஒன்று மட்டும் இருமியது.

"அப்பா, 'ரி' சரியில்லப்பா" என்றாள் அறிவுமதி. அவள் கையில் புது ரப்பர் செருப்பு. அதைக்கொண்டு பைப்பின் வாயில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் 'டுப்' என்று சுரம் வரும். மறு கையில் இருந்த போனில் ஆர்மோனிய ஆப்பைத் தட்டி ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அறுத்தா சரியாயிடும்" என்றார் கொளஞ்சி. திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருடமாக பிளம்பர். அறுப்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், வீட்டில் செய்த இசைக்கருவிகளுக்கான போட்டி. பள்ளியில் இந்த விஷயத்தைச் சொன்னதிலிருந்து, மகள்களைவிட அவருக்குத்தான் தூக்கமில்லை.

அறுத்தார். அறிவுமதி தட்டினாள்.

"இப்ப இது 'க' ஆயிடுச்சுப்பா. ரெண்டு 'க' இருக்கு."

"அதனால இன்னா? 'ஸ' நீளமாத்தான இருக்கு. அத அறுத்து 'ரி' ஆக்கிடலாம்."

ஆக்கினார். அருமையான 'ரி'.

"அப்ப 'ஸ'வுக்கு?" என்று கேட்டாள் சின்னவள் ஸ்ரீமதி.

கொளஞ்சி ரம்பத்தைக் கீழே வைத்தார். ஊருக்கெல்லாம் பைப் போடுபவர் வீட்டில் ஒரு முழம் பைப் மிச்சமில்லை. காலையில் கடையும் திறக்காது.

விடிந்ததும் சமையலறை சிங்க்கின் கீழே குனிந்தார். தண்ணீர் வெளியே போகும் பைப், அதே இரண்டு அங்குலம். கழற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அறுக்கத் தொடங்கிய இரண்டாவது நிமிடம், உள்ளே மனைவி கலைமணியின் குரல் கேட்டது.

"ஏங்க! மாவுப் பாத்திரம் கழுவுன தண்ணி பூரா என் கால்ல ஊத்துது! சிங்க்குக்கு அடியில பைப்ப காணோம்!"

"சாயந்திரம் மாட்டிடறேன்!"

"நீங்க சாயந்திரம்னு சொன்ன பாத்ரூம் குழாய் ஒழுகி ஆறு மாசமாவுது!"

அந்தக் குரலின் பதற்றத்தில் ரம்ப பிளேடு படக்கென்று முறிந்தது. மிச்சத்தை அரிவாளால் அறுத்தார். எலி கடித்ததுபோல் வந்தது. அதோடு அவசரத்தில் அளவு தவறி, அது 'ஸ'வுக்கு அரை அடி குட்டை. நேற்று அறுத்துப் போட்ட துண்டு ஒன்றைச் சேர்த்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார்.

"அப்பா, 'ஸ'வுல சாம்பார் வாசன வருது" என்றாள் ஸ்ரீமதி.

"சத்தம் சரியா வருதா, அத சொல்லு."

வந்தது. கணீரென்று வந்தது. மூன்று பேரும் குதித்தார்கள்.

சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா மாமா, போர்வெல் போடவா போறீங்க?" என்று கேட்டதைக்கூட கொளஞ்சி பெருமையாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் புதுச்சத்திரம் தாண்டி டிரைவர் போட்ட பிரேக்கில், பைப்புகளைத் தாங்கிய சட்டம் இரண்டாகப் பிளந்தது. தோள் துண்டைக் கிழித்துக் கட்டினார். முடிச்சுக்குமேல் முடிச்சாக, அது அடிபட்டவன் கால்கட்டு மாதிரி ஆனது.

மண்டபத்தில் நுழைந்ததும் அவர் முகம் சுருங்கியது. மற்றவர்களின் கருவிகள் எல்லாம் பெயிண்ட்டும் வார்னிஷுமாகக் கடைச்சரக்குபோல் மின்னின. பக்கத்திலேயே அப்பாமார்கள், ஒன்றும் தெரியாதவர்கள்போல் நின்றிருந்தார்கள்.

காரணம் மைக்கில் வந்தது. "கருவிய பிள்ளைங்களேதான் செஞ்சிருக்கணும். பெரியவங்க கை பட்டது தெரிஞ்சா பரிசு கிடையாது."

கொளஞ்சி மகள்களை ஓரமாக இழுத்தார். "யாராச்சும் கேட்டா நீங்களே செஞ்சதா சொல்லிடுங்க, கண்ணு."

"பொய் சொல்லணுமாப்பா?" என்றாள் அறிவுமதி.

அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் இரண்டு பெண்களும் செருப்பும் கையுமாக நின்றபோது சபை சிரித்தது. அறிவுமதி முதல் தட்டு தட்டினாள். சிரிப்பு அடங்கியது. அக்காவும் தங்கையும் மாறி மாறித் தட்ட, ஏழு பைப்புகளிலிருந்தும் ஒரு தாலாட்டு மெட்டு உருண்டு உருண்டு வந்தது. பின்வரிசையில் யாரோ தாளம் போட்டார்கள். பிறகு எல்லோரும் போட்டார்கள். கொளஞ்சி தன் கண்ணைத் துண்டால் துடைக்கப் பார்த்தார். துண்டு மேடையில் இருந்தது.

நடுவர் திருநாவுக்கரசு, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். மேடையேறி, அறிவுமதியிடம் மைக்கை நீட்டினார். "யாரும்மா செஞ்சது?"

அறிவுமதி அப்பாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"எங்க அப்பா சார். அறுத்தது, ஒட்டுனது, கட்டுனது எல்லாம் அவருதான். நாங்க சுரம் மட்டும் சொன்னோம். அவரு பிளம்பரு சார், இருவது வருசமா!"

போச்சு பரிசு. கொளஞ்சி கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும், இத்தனை பேர் நடுவில் 'பிளம்பரு' என்று மகள் சொன்ன கம்பீரத்தில் அவர் நெஞ்சு தானாக விரிந்தது. ஒரு பரிசு என்ன, பத்து போனாலும் போகட்டும்.

நடுவர் குனிந்தார். அரிவாள் பட்ட விளிம்பைத் தடவினார். சைக்கிள் டியூபை இழுத்துப் பார்த்தார். 'ஸ'வை முகர்ந்தார். துண்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தபடி சபையைப் பார்த்துத் திரும்பினார்.

"அப்பாவுக்குப் பேர் வாங்கித் தரணும்னு இந்தப் பொண்ணுக்கு எவ்ளோ ஆசை பாருங்க! ஏம்மா, இருவது வருசம் வேல பாத்த பிளம்பர் எவனாவது இப்படி அறுப்பானா? இது சத்தியமா குழந்தைங்க கைவேலைதான். முதல் பரிசு!"