கண்ணை மூடுங்கள், பெற்றோர்களே

வரவேற்புரையைக் கேட்டு மயக்கம் போட்டு விழுந்தவர்கள் உலகத்திலேயே எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் உண்டு. மிகையில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மாள் முன்வரிசையிலேயே சாய்ந்தார். அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு, வரவேற்றவர் அதே மூச்சில் மைக்கைப் பிடித்தார்: "இந்தத் தண்ணியும் ஹாஸ்டல்ல எட்டு மணிக்கு மேல வராது. வெல்கம்!"

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். சம்பளப் பிரிவைத் தவிர யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் 'வெல்கம் மேடம்'. தாம்பரத்தைத் தாண்டி, ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் பொறியாளர்களை விளைவிக்கும் தனியார் பல்கலைக்கழகம் அது. புதிதாகச் சேரும் பிள்ளைகளையும், கூடவே வேன் பிடித்து வரும் குடும்பத்தையும் முதல் நாள் வரவேற்று, உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, சுற்றிக் காட்டி அனுப்புவது அவர் பொறுப்பு. அங்கேயே விளம்பரப் பிரிவில் வழவழப்பான கையேடு எழுதுவது என் பொறுப்பு. என் எழுத்தைப் படித்து ஜனங்கள் மயங்கி வருவார்கள். அவர் பேச்சைக் கேட்டுத் தெளிந்து உட்காருவார்கள்.

"வெல்கம்! உங்கள்ல பாதிப் பேர் முதல் செமஸ்டர்ல கணக்குல அரியர் வைப்பீங்க. மீதிப் பேர் ரெண்டாவது செமஸ்டர்ல." இதுதான் அவருடைய தொடக்கம். இறைவணக்கம்கூட இதற்கு அப்புறம்தான்.

ஒரு வருஷம் நான் எழுதிய கையேட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இதுல ஒரு நீச்சல் குளம் போட்டிருக்கு. நானும் இந்த கேம்பஸ்ல தேடாத இடமில்ல. எழுதினவர் அதோ, தூண் பக்கம் நிக்கறாரு, கேட்டுக்குங்க."

ஆயிரம் முகங்கள் தூணைப் பார்த்தன. நான் தூணுக்குப் பின்னால் போனேன். என் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை. "ஐப்பசி மாசம் வாங்க, பி பிளாக் பின்னாடி கிடைக்கும்" என்று எங்கிருந்தோ ஒரு சீனியர் கத்தினான். எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்கள் மட்டும் சிரித்தார்கள்.

மதியச் சாப்பாடு அதைவிடப் பேரதிர்ச்சி. வந்தவர்களுக்குப் பிரியாணி போட நிர்வாகம் ஏற்பாடு செய்திருக்க, மேடம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, விடுதியில் செவ்வாய்க்கிழமை என்ன போடுவார்களோ அந்த உப்புமாவையே பரிமாறச் சொன்னார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு தகப்பனார் கரண்டியை உப்புமாவில் குத்தினார். கரண்டி நின்றது.

"மேடம், இத வெச்சு டேங்க்ல ஓட்டை அடைக்கலாம்."

"தாராளமா அடைக்கலாம் சார். ஆனா உங்க பையன் நாலு வருஷம் இதத்தான் சாப்பிடப்போறான். நீங்க ஒரு வேளை சாப்பிடக் கூடாதா?"

மனிதர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். திறந்திருக்கவும் முடியாது.

இவை எல்லாவற்றையும் நிர்வாகம் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாத சடங்கு ஒன்று இருந்தது. விழாவின் கடைசியில் மேடம் மைக்கில் சொல்வார்: "பெத்தவங்க எல்லாரும் கண்ணை மூடுங்க. இறுக்கமா. பசங்களா, அப்பா அம்மா சொன்னாங்களேன்னு மட்டும் இந்தப் படிப்புல சேர்ந்தவங்க கையத் தூக்குங்க." சற்று நேரம் அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம், "கையை இறக்குங்க. பெத்தவங்க கண்ணைத் திறக்கலாம். எத்தனை கைன்னு நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போய் நீங்களே கேளுங்க." அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் இதற்கு மறுநாள் ஓரிரு குடும்பம் வந்து சீட்டை ரத்து செய்துவிட்டுப் போகும்.

எங்கள் வேந்தர் இந்த மண்ணுக்காரர். நெல் வயலைக் கட்டடமாக்கியவர். கோட்டு போட்டாலும் பேச்சுக்குக் கோட்டு போடமாட்டார். போன வருஷம் விழாவுக்கு முன்னால் என்னையும் வைத்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டார்.

"இன்னாமா நீ? நான் கடைய தொறந்துகினு ஆளக் கூப்புட்டா, நீ வாசல்ல நின்னுகினு தொரத்திகினு கீற? ஒரே பேஜாரா கீதும்மா உன்னோட. இந்த தபா ஒரு சீட்டு கேன்சல் ஆச்சு, உன் வேலையும் கேன்சல். ஆமா."

"சரிங்க ஐயா" என்றார் மேடம், டீ வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதைப்போல.

வெளியே வந்ததும் நான் கெஞ்சினேன். "மேடம், இந்த ஒரு வருஷம் மட்டும் அந்தக் கை தூக்குற சமாச்சாரம் வேண்டாமே."

"அதையும் விட்டுட்டா நான் எதுக்கு சார்? பன்னீர் தெளிக்க மெஷின் வாங்கிட்டாங்களே."

நான் கெஞ்சியதில் அக்கறை மட்டுமில்லை, கொஞ்சம் பயமும் இருந்தது. என் மகன் பரணியை அந்த வருஷம் அதே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்திருந்தேன். நானே எழுதிய கையேட்டை நானே நம்பிய ஒரே எழுத்தாளன் நான்தான்.

விழா நடந்தது. அரியர் வந்தது, உப்புமா வந்தது. கடைசியில் அதுவும் வந்தது. "பெத்தவங்க கண்ணை மூடுங்க."

மூடினேன். மனிதன் எவ்வளவு நேரம் மூடிக்கொண்டிருப்பான்? இடது கண்ணைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தேன். மாணவர் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள், பாதி உயரத்தில் தயங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு கை மட்டும் பஸ்ஸை நிறுத்துவதுபோல நெட்டுக்குத்தாக நின்றது. சட்டையை அடையாளம் தெரிந்தது. நான் வாங்கிக் கொடுத்த சட்டை.

திரும்பினால், பக்கத்தில் என் மனைவி இரண்டு கண்களையும் முழுசாகத் திறந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் அவனைப் பிடித்தோம். "உனக்கு என்னடா வேணும்?"

"பாட்டனி" என்றான். அதற்கான சீட்டைப் பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் கேட்டும் வைத்திருந்தானாம். சேர அன்றுதான் கடைசி நாளாம். இத்தனை வருஷம் மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்கு அவன் தண்ணீர் ஊற்றப் போவது கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்க என்றல்லவா நினைத்திருந்தேன்!

"கிளம்புங்க, கேன்சல் பண்ணிட்டு வரலாம்" என்றாள் மனைவி.

"ஐயோ, இன்னிக்குப் பண்ணா மேடம் வேலை போயிடும்டி! ஒரு வாரம் போகட்டும்."

"ஒரு வாரம் போனா அங்க சீட் இருக்குமா?" இதைக் கேட்டது என் மனைவியில்லை. பின்னால் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்ற வெல்கம் மேடம். நாங்கள் பேசிய அத்தனையும் கேட்டிருக்கிறார்.

"மேடம், உங்க வேலை..."

"என் வேலைய நான் பாத்துக்கறேன். நீ வாடா பரணி, ஆபீஸ் மூடிடுவாங்க."

என் கண்ணெதிரே, தன் வேலைக்கு உலை வைக்கப்போகும் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்து செய்யும் கவுன்ட்டருக்கு அவரே விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எதைத் தடுக்க ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

செய்தி வேந்தருக்குப் போனது. "எவன்யா அவன் கேன்சல் பண்ணது?"

"நான்தாங்க ஐயா."

"நீயா? யோவ், நோட்டீசு எழுதுனவனே நீ தானேய்யா!"

மேடம் தப்பு எதுவும் செய்யவில்லை, கண்ணைத் திறந்தது நாங்கள்தான் என்றெல்லாம் வாதாடிப் பார்த்தேன். சொன்னது சொன்னதுதான் என்றுவிட்டார். மேடம் அன்று மாலையே அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பொழிச்சலூர் பஸ் ஏறினார். என் வேலை போகவில்லை. இல்லாத நீச்சல் குளத்தை எழுத ஆள் கிடைப்பது சுலபமா என்ன?

ஆர்ட்ஸ் காலேஜில் முதல் நாள் விழாவுக்கு மேடத்தையும் அழைக்க வேண்டும் என்று பரணி பிடிவாதம் பிடித்தான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தார். மேடையில் முதல்வர் தேனாகப் பேசினார். "பெற்றோர்களே, இங்கே எல்லாம் இருக்கிறது. நீங்கள் எதற்குமே கவலைப்பட வேண்டாம்."

மேடம் நெளிந்தார். கைக்குட்டையை முறுக்கினார். என் மனைவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். பலிக்கவில்லை. எழுந்தேவிட்டார்.

"சார், பாட்டனி லேப்ல மைக்ராஸ்கோப் எத்தனை பசங்களுக்கு ஒண்ணு? அதுல எத்தனை வேலை செய்யுது? கேன்டீன்ல இன்னிக்கு என்ன போட்டிருக்கீங்க, நாங்க போய்ப் பாக்கலாமா?"

முதல்வர் தண்ணீர் குடித்தார். மாணவர் வரிசையில் பரணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். முன்வரிசைக்காரர் ஒருவர் முழுசாகத் திரும்பி, யாருடைய ஆள் இது என்று தேடி, கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"யார் சார் இந்தம்மா? உங்க கூட வந்தவங்களா?"

"ஆமா சார்" என்றேன். "எங்க அக்கா."