குகை அடுப்புக் கரி

வீட்டில் பத்திரமான இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. இருப்பதாக நம்பி நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

தொல்லியல் படித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு பேராசிரியையிடம் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. (உதவியாளன் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். வேலை, மண் தோண்டிச் சலிப்பது.) கள்ளக்குறிச்சிக்கு அந்தப் பக்கம் மலையில் ஆதிமனிதர்கள் குடியிருந்த ஒரு குகை. அதைத் தோண்ட அனுமதி கேட்டு மேடம் ஒன்பது வருடம் அலைந்திருந்தார். உள்ளே ஓர் அடுப்பும், அதில் ஒரு கைப்பிடி கரியும் கிடைத்தன. அந்தக் கரியைச் சோதித்தால்தான் குகை எந்தக் காலத்தது என்று தெரியும். அதை அலுமினியத் தாளில் மடித்து, நேராகச் சிதம்பரத்துக்குக் கொண்டு வரச் சொல்லிவிட்டு மேடம் முன்னால் போய்விட்டார்.

நான் நேராகப் போகிற ஆளா? கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாமென்று இறங்கினேன். பொட்டலத்தைப் பூஜை மாடத்தில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாமி பார்த்துக்கொள்ளுமாம். மேலே கொட்டை எழுத்தில் விவரம் வேறு: ‘கரி – அடுப்பு 1’.

காலையில் கண் விழித்தால் வீடெல்லாம் சாம்பிராணி வாசனை. குழந்தையைக் குளிப்பாட்டி, தலைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தார் அம்மா. பிரித்த அலுமினியத் தாள் தரையில் கிடந்தது.

“ஏம்மா, இந்தக் கரி ஏது?”

“நீ வாங்கியாந்ததுதான்டா. இஸ்திரிக் கடையில கரி வாங்கியான்னு பத்து நாளா போன்ல சொன்னேன்ல? மொத தடவையா மறக்காம வாங்கியாந்திருக்க. கொஞ்சம் மண்ணா இருந்துச்சு, தட்டிட்டுப் போட்டேன்.”

நான் பாய்ந்து தூபக்காலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினேன். சாம்பிராணி கலந்த கரி இனி எதற்கும் ஆகாது என்பது படித்த மூளைக்கு அப்புறம்தான் உறைத்தது. குழந்தை வீறிட்டது. அக்கா திட்டியதை இங்கே எழுத முடியாது.

சிதம்பரம் பஸ்ஸில் மூன்று பொய்களைத் தயார் செய்தேன். பை திருடு போனதாகச் சொல்வதுதான் அதில் சுமாராக இருந்தது. மேடத்தைப் பார்த்ததும் மூன்றும் மறந்து, நடந்ததை அப்படியே உளறிவிட்டேன். வேலை போச்சு என்று நின்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலயே? அந்த மண்ணுல என்னென்ன இருக்குமோ.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முதலில் கேட்டது குழந்தையைப் பற்றித்தான்.

“அடுப்புல பாதியத்தான தோண்டினோம்? மீதிய அப்படியே விட்டிருக்கேன். உன்ன மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.”

தோண்டியவன் நான். பயத்தில் அது ஞாபகமே இல்லை. அனுமதி முடிய நாலு நாள் இருந்தது. மறுநாளே மலையேறி மீதிக் கரியை எடுத்தோம். இந்த முறை பொட்டலம் மேடத்தின் கைப்பையில் வந்தது. அதன் மூலம்தான் பிறகு குகையின் வயது தெரிந்தது. பதிவேட்டில் முதல் பொட்டலத்துக்கு நேராக, ‘என் கவனக்குறைவால் வீணானது’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார் மேடம். இன்று நான் இந்தத் துறையில் இருப்பது அந்த ஒரு வரியால்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் தீராது.

அக்கா மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் தலைமுடி அடர்த்தியைப் பார்த்து யாராவது என்ன எண்ணெய் என்று கேட்டுவிட்டால் போதும், அம்மா என் பக்கம் கை காட்டுவார்.

“எண்ணெய்லாம் இல்லமா. இவன் ஒரு கரி கொண்டாந்தான். கடையில கெடைக்காது.”