முதல் வரிசையில் ஒரு சும்மாடு

அன்புள்ள பெனிஸ்டன் மாமாவுக்கு,

மருமகள் ஜெஸ்மி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். தங்கள் சுகத்துக்கும் தங்கள் கோபத்தின் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஜெனரேட்டரைத் திரும்ப எடுத்துப்போக நீங்கள் அனுப்பிய லாரி திடல் வாசலில் நிற்கிறது. டிரைவர் அண்ணாச்சியை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அவர் வருவதற்குள் இதை எழுதுகிறேன். இன்று கலைவிழாவின் கடைசி நாள். ஜெனரேட்டர் போனால் விளக்கும் கிடையாது, மைக்கும் கிடையாது.

நேற்று நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். கேட்க மாட்டேன். இந்த ஊரில் பாகுபாடில்லாமல் எல்லார் வீட்டுக்கும் இலவசமாக வருவது உப்புக்காற்று ஒன்றுதான். பாட்டும் கூத்தும் அப்படி வரட்டும் என்றுதான் நாங்கள் இருபது பேர் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தோம். ‘அனைவரும் வருக, அனுமதி இலவசம்’ என்று அச்சடித்த அதே கையால், கமிட்டிச் செயலாளர் மதுசூதனன் சார் முதல் வரிசை நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி, ‘சிறப்பு விருந்தினர்’ என்று சீட்டு ஒட்டினார். அதில் ஒன்றில் உங்கள் பெயர். அந்த வரிசைக்குக் காவல் நான்.

நாலு மணிக்கு மீன் ஏலக்கூடத்திலிருந்து நம் பெண்கள் பதினோரு பேர் வந்தார்கள். மீன் கூடைக்கு அணையாகப் பழைய சேலையைச் சுருட்டித் தலையில் வைக்கும் சும்மாட்டை ஆளுக்கொரு நாற்காலியில் வைத்துவிட்டு, குளித்து வருகிறோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏலக்கூடத்தில் சும்மாடு கிடக்கிற இடத்தை வேறு யாரும் தொடுவதில்லை, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். போவதற்கு முன் சீட்டைக் காட்டி நான் மறித்தபோது ஆக்னஸ் சித்தி நிதானமாக அதைப் படித்தாள். “ஏளா, நோட்டீஸ்ல எல்லாரும் வாங்கன்னு போட்டிருக்கு, இதுல பெரிய ஆளு மட்டும்னு போட்டிருக்கு. ரெண்டுல எது பொய்யி?” என்று கேட்டாள். மதுசூதனன் சார் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னார், நான் முடியாது என்றேன், அவரே ஒன்றைக் கர்சீப்பால் பிடித்துத் தூக்கினார், அதிலிருந்த சாளை மீன் தண்ணீர் வெள்ளைத் துணியில் சொட்டியது, துடைக்கப் போய் அது அடுத்த நாற்காலிக்கும் பரவியது, அதற்குள் விருந்தினர் கார்கள் வந்துவிட்டன, இறங்கியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆறாவது வரிசைக்குப் போனார்கள், அங்கே மின்விசிறி இல்லை என்று சாருக்குத் திட்டு விழுந்தது, சாருடைய திட்டு எனக்கு விழுந்தது.

பிறகு பட்டு வேட்டியில் நீங்கள் வந்தீர்கள். உங்கள் பெயர் ஒட்டிய நாற்காலியில் அம்மாவின் சும்மாடு. அந்த நீலச் சேலைக் கிழிசலைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் அதைத் தொடவில்லை மாமா. இன்று பத்து லாரி வைத்திருந்தும் ஏலக்கூடத்துப் பிள்ளையாகவே நின்றீர்கள். அதில் எனக்குப் பெருமைதான். அப்புறம் விறுவிறுவென்று வெளியேறியதில்தான் பெருமையில்லை.

குளித்துத் திரும்பிய அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்த நாற்காலியில் உட்காரவும் இல்லை, யாரையும் உட்கார விடவும் இல்லை. அதன் காலடியில் மணலில் உட்கார்ந்துகொண்டாள். உன் நாற்காலி எனக்கு வேண்டாம், உன் சிறப்பு விருந்தினர் பட்டத்துக்கும் அதைத் தர மாட்டேன் என்பதாக. பேச்சில்லாமல் ஒரு போராட்டம். நான் அசந்துபோனேன்.

மேடையில் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த பத்மஸ்ரீ என்ற பெண் வயலின் வாசித்தார். இந்தக் கூட்டத்துக்கு வயலின் புரியுமா என்று ஆறாவது வரிசையில் கேட்டவர் பாதியில் தூங்கிவிட்டார். குளித்து வந்து முன்னால் உட்கார்ந்திருந்த நம் பெண்கள் பதினோரு பேரும் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் ஆக்னஸ் சித்தி எழுந்து, “தாயி, நடுவுல அழுத மாதிரி ஒண்ணு வாசிச்சியே, அதை மட்டும் இன்னொருக்கா வாசி” என்றாள். பத்மஸ்ரீ சிரித்துக்கொண்டே வாசித்தார். என் ஊர் மாமா இது. இந்த ஊரை இருட்டாக்க வேண்டாம். ஜெனரேட்டர் நிற்கட்டும். நீங்களும் வாருங்கள், ஆனால் அம்மாவோடு மணலில்தான் இடம்.

அத்தைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். தங்கள் இரத்த அழுத்தத்துக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
ஜெஸ்மி

பின்குறிப்பு: அம்மா இப்போதுதான் வந்து இதை வாங்கிப் படித்தாள். போராட்டம் என்ற இடத்தில் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கூட்டம் சேர்ந்தால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள் என்று, தன் தம்பி உங்களுக்காக இடம் பிடித்து வைத்தாளாம். மேலே எழுதியதில் பாதியை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள். அவள் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மிஷின எடுத்துட்டுப் போனாலும் போவட்டும். அவன வரச் சொல்லு. இன்னைக்கும் சும்மாட்ட அங்கனதான் போட்டு வச்சிருக்கேன்.”