படிப்பதற்கு முன்னே ஓகே

கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தால், அது சொல்லி முடிப்பதற்குள் அதன் வாயை அடைத்துவிடும் ஓர் இனம் உண்டு. மாடிக்கு ஒருவராவது இருப்பார். நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

தையல்கார அக்கா வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் திடீர் மழை. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து, மடித்து, கதவோரம் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனவன் மேல்வீட்டு ஓகே தம்பி. அவன் சட்டைப் பையில் தன் துணி கிளிப் ஒன்று தொங்குவதைப் பார்த்துத்தான் அக்காவுக்கே விஷயம் தெரிந்தது.

அந்த நம்பிக்கையில்தான் அன்றைக்கும் அவனைக் கூப்பிட்டாள். தூர ஊரில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. சாயங்காலம் வீடியோவில் காட்டப் போகிறார்கள். கம்ப்யூட்டர் பெட்டியிலோ சத்தமே இல்லை. சரிசெய்யலாம் என்று செட்டிங்ஸைத் திறந்தால் திரை நடுவில் ஏதோ எழுதிய கட்டம் ஒன்று வந்து நின்று பயமுறுத்துகிறது.

தம்பி வந்தான், உட்கார்ந்தான், விரலைச் சொடுக்கினான். கட்டம் வந்தது. டக்கென்று ஓகே.

"என்னப்பா போட்டிருந்துச்சு?"

"எரர்க்கா."

"என்ன எரர்?"

"எரர்னா எரர்தான்க்கா!"

மறுபடி கட்டம், மறுபடி ஓகே. பெட்டியை அணைத்துப் போட்டான், விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினான், ஓட்டைகளில் எல்லாம் ஊதினான், "கடைசியா யார் தொட்டாங்க?" என்று போலீஸ்காரர்போல் விசாரித்தான், திரும்பவும் அணைத்துப் போட்டான். படித்துப் பார்த்தானா? அது மட்டும் இல்லை.

வெளியே வெயில் தாழ்ந்தது. குழந்தையின் முதல் குரலைக் கேட்காமலே போய்விடுவோமோ என்று அக்கா மனசுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டாள். ஆண்டவன் தம்பியை மேஜைக்கு அடியில் அனுப்பினான். ஒயரை ஆட்டிப் பார்க்க அவனுடைய இரண்டு கைகளும் தேவைப்பட்டன. திரையில் கட்டம் அப்படியே நின்றது. அக்கா நிதானமாக வாசித்தாள்.

"புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. முடியும்வரை செட்டிங்ஸ் திறக்காது. தயவுசெய்து அணைக்காதீர்கள்."

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அப்படியாக்கா போட்டிருக்கு?"

"தயவுசெய்துன்னு கெஞ்சுதுப்பா."

சும்மா காத்திருந்தார்கள். வேலை முடிந்தது, செட்டிங்ஸ் திறந்தது, அணைந்து கிடந்த ஒலியை அக்காவே தட்டிவிட்டாள். மகள் கூப்பிட்டாள். பச்சைக் குழந்தையின் அழுகை அறை முழுக்க நிறைந்தது. அக்காவும் அழுதாள்.

தம்பி கையைத் தட்டி எழுந்தான். "பாத்தீங்களா? ஒயரை ஆட்டினதும் சரியாயிடுச்சு!"

அக்கா மறுக்கவில்லை. துணி மடித்த கையல்லவா.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? காலையில் உங்கள் போனில் நீளமாக ஏதோ வந்ததே, 'சம்மதம்' என்று தட்டினீர்களே, எதற்குச் சம்மதித்தீர்கள்?

போன மாதம் தம்பி வேறு ஊருக்குக் குடிபோனான். சாமான் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், வழியனுப்ப வந்த அக்காவைப் பார்த்துக் கண்கலங்கச் சொன்னான்:

"நான் இல்லைன்னு பயப்படாதீங்கக்கா. அது என்ன சொன்னாலும் ஓகே குடுத்துடுங்க."