ஏலத்தூசித் தரை

ஏலத்தோட்டத்துக் கூலிக்காரி மருதாயியின் தூக்குச்சட்டி ஜீப்பின் ஓட்டை வழியே விழுந்து போடிமெட்டு ரோட்டில் உருண்டது; டிரைவர் கன்னையன் வண்டியை நிறுத்தி ஓடிப்போய்ப் பொறுக்கிவந்தான். யுத்தத்தில் ஓடிக் களைத்த ஜீப்பு அது. தரை பாதி துருப்பிடித்துப்போயிருந்தது.

விஷயம் எஸ்டேட் கங்காணி காதுக்குப் போய்விட்டது.

“சாயங்காலத்துக்குள்ள ஓட்டையை அடைச்சிரு. இல்லேன்னா நாளையிலருந்து ஆள் ஏத்துற சோலி டிரைவர் சுருளியோட ஜீப்புக்கு.”

அந்தச் சோலிதான் கன்னையனுக்குச் சோறு போட்டது. தகரம் வாங்கப் போடிக்கு இறங்க நேரமில்லை. மலையாளத்து டிரைவர் ஒருவரிடம் ரப்பர் பால் வாங்கி, சாக்கை அதில் தோய்த்து ஓட்டையில் அடுக்கினான். பால் போதவில்லை.

“ஸ்டோர்ல ஏலக்காய் உரசின தூசி குப்பையாக் கெடக்குண்ணே,” என்றாள் மருதாயி. “பால்ல பிசைஞ்சு அப்புங்க. கனம் குடுக்கும்.”

கூடை நிறையக் கொண்டுவந்தும் கொடுத்தாள். அப்பிக் காயவிட்டதும் தரை திண்ணென்று நின்றது. கன்னையன் ஏறிக் குதித்தே பார்த்தான். தன் மூளையை நினைத்து அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இஞ்சின் சூடேறும்வரைதான் அந்தப் பெருமை. ஆட்களை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் கேட்டை நெருங்குவதற்குள் வண்டி, பாயசம் கொதிக்கிற வீடாக மணத்தது. களவு ஏலக்காய் போகிறதா என்று தினமும் பெண்களின் மடியை உதறிப் பார்க்கிற கேட் அது.

“ஐயோ, திருட்டுப் பட்டம் கட்டிருவாகளே!” வண்டியை ஓரங்கட்டினான்.

“வெந்நி ஊத்திக் கழுவுங்கண்ணே, வாசம் போயிரும்,” என்றாள் மருதாயி.

பக்கத்துக் கூலிக்காரர் லயத்தில் வெந்நீர் வாங்கி ஊற்றினான். மணம் ஊரைக் கூட்டியது. பதறிப்போய், வண்டியில் கிடந்த மண்ணெண்ணெயைத் தெளித்தான்.

வண்டி கேட்டில் நின்றதும் வாட்ச்மேன் முனியசாமி மோந்து பார்த்தார். “ஏலக்காயை மறைக்கவாப்பா மண்ணெண்ணெய்?”

“சத்தியமா அது குப்பைண்ணே!”

“குப்பையை எதுக்கு மறைக்கிற?”

முனியசாமி விசில் ஊதினார். கங்காணி கடப்பாறையோடு ஓடிவந்தார். தரையைப் பெயர்த்தார்கள். சீட்டைக் கழற்றினார்கள். கன்னையனின் வேட்டியைக்கூட உதறவைத்தார்கள். தூசியைத் தவிர ஒரு ஏலக்காய்கூட அகப்படவில்லை. ஓட்டைதான் இப்போது ஆள் இறங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது.

கங்காணியின் முகம் சுண்டிப்போனது.

“சரி சரி, இருட்டுது. வெரசா கெளம்பு. நாளைக்கும் நீயே வா,” என்று கேட்டைத் திறக்கச் சொன்னார்.

கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதுதான் கன்னையனுக்குப் போன உயிர் திரும்பியது.

“பொழப்புத் தப்பிச்சது ஆத்தா. ஆனா, இனிமே அந்தத் தூசி மட்டும் வேணாம்.”

“அப்படிச் சொல்லாதீகண்ணே!” என்றாள் மருதாயி. “நாளைக்கும் ஒரு கூடை தர்றேன். அவுக உங்க வண்டியை மோந்துக்கிட்டு நின்னதுல, எங்க மடியை ஒருத்தரும் உதறிப் பாக்கலையே!”