சாயாத மெழுகுவத்தி

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மச்சினன் எய்னர் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று ப்ரெபென் சபதம் செய்தார். சும்மா இல்லை, குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சவர நுரையோடு, கண்ணாடியைப் பார்த்துச் செய்த சபதம். அதையே மனைவி எதிரில் செய்வதற்குத் தைரியம் வர நவம்பரில் முக்கால்வாசி பிடித்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஸ்வென்பர் துறையிலிருந்து எதிர்த் தீவுக்கு ஆயுசு பூரா ஃபெர்ரி ஓட்டியவர். போனால் வர வேண்டும், வந்தால் போக வேண்டும். ஓய்வு கொடுத்தவர்கள் கப்பலைத்தான் வாங்கி வைத்துக்கொண்டார்களே தவிர, காலை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார், பயணிகள் இல்லாமல்.

"உக்காரேன் மனுஷா. தரை தேயுது," என்பாள் மெரேட்டா.

"நடந்தாதான் எனக்கு யோசனை வரும்."

"இத்தனை வருஷமா நடக்கற. ஒண்ணுகூட வந்து சேரலையே?"

எய்னர், மெரேட்டாவின் அண்ணன். வடக்கே யூட்லாந்தில் பண்ணை வீடு. தங்கமான மனிதர். அதுதான் கஷ்டமே, திட்டக்கூட முடியாது. கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி எல்லாரும் கைகோத்துப் பாடும்போது, மற்ற வீடுகளில் இரண்டு சரணத்தோடு மூச்சு வாங்கிக்கொண்டு பரிசுப் பொட்டலத்துக்குப் போய்விடுவார்கள். எய்னர் வீட்டில் கடைசிச் சரணம் வரை சுற்ற வேண்டும். அப்புறம் அரிசிப் பாயசம். அதில் ஒரே ஒரு முழுப் பாதாம் கிடக்கும், கிடைத்தவருக்குப் பரிசு. அது வருஷா வருஷம் எய்னருக்குத்தான் கிடைக்கும். கிடைத்ததை உடனே சொல்லித் தொலைக்க மாட்டார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டு, வயிறு வெடிக்க வெடிக்க, பாத்திரம் காலியாகும்வரை விழுங்கியாக வேண்டும்.

தைரியம் வந்த அன்றைக்குக் காலை காபி வேளையில் ப்ரெபென் தொண்டையைச் செருமினார். பக்கத்து வீட்டு விகோ வழக்கம்போல ஓசிக் காபிக்கு வந்திருந்தார். சாட்சி இருந்தால் மனைவி கொஞ்சம் அடக்கி வாசிப்பாள் என்று ஒரு கணக்கு.

"மெரேட்டா, இந்தத் தடவை நாம எங்கயும் போகல. இருபத்திநாலாம் தேதி நம்ம வீட்லதான். ஒரு வாத்து, ஒரு மரம், அவ்வளவுதான்."

"எங்கண்ணன் என்ன நெனைப்பான்?"

"பாடுவான். பாட்டுக்கா பஞ்சம்?"

இடி விழும் என்று ப்ரெபென் தோளைக் குறுக்கிக்கொண்டார். விழவில்லை. மெரேட்டா அலமாரியைத் திறந்து இரண்டு பைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பாட்டுக் குழுவுல இந்த வருஷம் எல்லாரும் மெழுகுவத்தியை வீட்லயே செய்யறாங்க. இது சோயா மெழுகு, இது பாமாயில் மெழுகு. ஆளுக்கு ஒண்ணா நாள்காட்டி மெழுகுவத்தி பண்ணுவோம். எது இருபத்திநாலாம் தேதி வரைக்கும் ஒழுங்கா நிக்குதோ அவங்க ஜெயிச்சாங்க. எங்க கொண்டாடறதுன்னு ஜெயிச்சவங்க சொல்லட்டும்."

அந்த ஊரில் டிசம்பர் முதல் தேதி அந்த மெழுகுவத்தியை ஏற்றாத வீடு கிடையாது. உடம்பு முழுக்க இருபத்திநாலு கோடு போட்டு எண் எழுதியிருக்கும். தினம் ஒரு கோடு எரிய விட்டு ஊதி அணைக்க வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு நாள் அணைக்க மறந்துவிட்டால் மூன்று நாள் எரிந்து போய்விடும். அப்புறம் அந்த வீட்டுக்காரர் வருஷம் பூராவும் ஊருக்கு இளப்பம்.

"சரி, தோத்தவங்களுக்கு என்ன?" ப்ரெபெனின் கண் மின்னியது.

"நீயே சொல்லேன்."

"சொல்றேன். தோத்தவங்க மத்த எல்லாத்தையும் பாத்துக்கணும். சமையல், சாமான், மரம், எல்லாமே. ஜெயிச்சவங்க சோபாவ விட்டு எந்திரிக்க மாட்டாங்க. எதுலயும் தலையிடவும் மாட்டாங்க."

"எல்லாம்னா எல்லாமா?"

"எல்லாம்னா எல்லாமேதான்! விகோ, கேட்டுக்கப்பா."

"கேட்டாச்சு," என்றார் விகோ. "இன்னொரு காபி கிடைக்குமா?"

இனி எந்த மெழுகு என்பதுதான் பாக்கி. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விகோவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எதப்பா எடுக்கறது?"

"சோயாதான். நின்னு நிதானமா எரியும்ங்கறாங்க. எங்க மருமக அதத்தான் வாங்குவா. பாமாயிலுக்காகக் காட்டையெல்லாம் வெட்டறாங்களாம். அந்தப் பெரிய செம்பட்டைக் குரங்குங்க பாவம், இருக்க எடமில்லாம அலையுதாம்."

"அப்ப சோயா?"

"ஆனா சோயாவுக்கும் எங்கயோ காட்டை வெட்டறாங்களாம்."

"யோவ், நான் மெழுகுவத்தி செய்யறதா, பாவமன்னிப்பு கேக்கறதா?"

"பாமாயிலு காட்டைக் கெடுக்காத தோட்டத்துதுன்னு பையில முத்திரை இருக்கும், பாரு. இருந்தா அதையே எடு."

"இருந்துச்சு."

"அப்ப பாமாயில். ஆனா சோயாவும்..."

விகோவிடம் யோசனை கேட்பதும் காற்றைக் கேட்டுக் கப்பல் ஓட்டுவதும் ஒன்றுதான். ப்ரெபென் உள்ளே வந்தார். சோயாப் பையைத் தொட்டார். மெத்தென்று இருந்தது. பாமாயில் பையைத் தொட்டார். மொரமொரவென்று கல்லாக இருந்தது. மறுபடி சோயா. மறுபடி பாமாயில். அப்போதுதான் மெரேட்டா தன் பாட்டுக்கு வந்து பாமாயில் பையை அணைத்தாற்போல எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இது. நீ சோயாவ எடுத்துக்க."

ப்ரெபெனுக்குப் பொறி தட்டியது. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் கடையில் தக்காளி பொறுக்கினாலும் சரி, ரயிலில் இடம் பிடித்தாலும் சரி, இவள் கை போகிற இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

"அதெல்லாம் முடியாது. பாமாயில் எனக்கு!"

"நான்தானே மொதல்ல எடுத்தேன்?"

"வாங்குனது நீ. அதனால தேர்ந்தெடுக்கறது நான். அதான் நியாயம்."

"ஐயோ, கொடுமையே," என்று மெரேட்டா பையை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடுங்கியவர் அந்தத் தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாமாயில் மெழுகு லேசுப்பட்ட சாமான் இல்லை. நல்ல சூட்டில் உருக்க வேண்டும். அச்சில் ஊற்றியபின் மெல்ல, மெல்ல, கல்யாணப் பெண் படியிறங்குகிற மாதிரி ஆற வேண்டும். அப்போதுதான் மேலெல்லாம் பனி படிந்த ஜன்னல்போலப் பூ விழும். ப்ரெபெனிடம் போய் மெல்ல என்றால்? ஊற்றிய கையோடு தகர அச்சைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறப் பனியில் நட்டு வைத்தார். திரும்பி வருமுன் 'டப்' என்று சத்தம். மேலிருந்து கீழ்வரை விரிசல்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. முன்னோட்டம்."

இரண்டாம் முறை புத்தியாக நடந்துகொள்ள முடிவு செய்தார். மெதுவாக ஆற என்ன வழி? பாயசத்துக்கு அரிசியைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தோடு போர்வைக்குள் சுற்றிப் படுக்கையில் தூங்க வைப்பார்களே, அது தானாக வெந்து குழையுமே, அதே வழிதான்! என்ன மூளை, என்ன மூளை என்று தன்னையே மெச்சிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார். அங்கே கணவன் மனைவிக்குத் தனித்தனி இறகுப் போர்வை. யோசிப்பானேன்? பூப்போட்ட உறை மெரேட்டாவுடையது. அதிலேயே சுற்றிப் படுக்கையில் கிடத்தினார்.

அச்சின் அடியில் திரி வருகிற ஓட்டையை அடைக்க வேண்டும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை. சாயந்திரம் பிரித்தபோது அச்சில் பாதி மெழுகு, போர்வையில் பாதி. இறகு, துணி, மெழுகு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு பலகை. தூக்கிச் சுவரில் சாய்த்தால் நிற்கும்.

"என்ன அது?" மெரேட்டா கதவருகில் நின்றாள்.

"உன் போர்வை... கொஞ்சம்..."

"என்னுதா? காலைலதான் உறைய மாத்தினேன். பூப்போட்டது இப்ப உன்னுது."

மூன்றாம் முறை ஓட்டையை அடைத்து, அதே பலகைப் போர்வையை வளைத்து மடக்கிச் சுற்றி, மனிதர் கையைக் காலைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் காத்திருந்தார். பூ விழுந்தது. நெடுநெடுவென்று ஒரு தூண். அதைக் கையில் ஏந்திக்கொண்டு தெருக்கோடிவரை நடந்து காட்டிவிட்டு வந்தார். மெரேட்டாவின் சோயா மெழுகுவத்தி முதல் தடவையிலேயே வந்துவிட்டது. வெண்ணெய் நிறம், அடக்கமான பிள்ளை.

முதல் தேதி இரண்டையும் கூடத்து ஜன்னல் திண்டில் வைத்தார்கள். அந்த ஊரில் ஜன்னலில் விளக்கு இல்லாவிட்டால் வீட்டில் ஆள் செத்துவிட்டதோ என்று கதவைத் தட்டுவார்கள். அந்தத் திண்டுக்கு நேர் கீழேதான் சூடேற்றி.

முதல் வாரம் இரண்டும் சமமாக எரிந்தன. ப்ரெபெனுக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. மணிக்கொரு தரம் ஜன்னலுக்குப் போய்க் குனிந்து பார்ப்பார். தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் பார்க்கிறார் என்று கையசைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் உற்றுப் பார்த்தார். சோயா இடுப்பில் லேசாக ஒரு வளைவு. மறுநாள் தேவாலயத்தைப் பார்த்துக் குனிந்து நின்றது.

ஓகோ! சூடு ஆகாது போலிருக்கிறதே உனக்கு!

மெரேட்டா பாட்டுக் குழுவுக்குப் போன சமயம், பூனைபோலப் போய்ச் சூடேற்றியின் திருகை இரண்டிலிருந்து மூன்றுக்கு வைத்தார். நாற்பது வருஷம் ஒரு பயணியையும் ஏமாற்றாத மனிதர். அடுத்த நாள் மறுபடி போனார். திருகு நாலில் இருந்தது.

'நான்தான் ரெண்டு தடவை திருகிட்டேனோ? வயசாகுது.' அஞ்சுக்கு வைத்துவிட்டு வந்தார்.

வெளியே கடல் காற்று காதை அறுத்தது. உள்ளே ப்ரெபென் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். மெரேட்டா கையில்லாத கோடைச் சட்டையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் குளுருதில்ல?" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாமா. நடுங்குது," என்றாள் அவள்.

பதிமூன்றாம் தேதி, லூசியாப் பண்டிகையன்று, தெருவில் குழந்தைகள் வெள்ளை அங்கியோடு பாடிக்கொண்டு போன நேரத்தில், சோயா மெழுகுவத்தி ஒரு பெருமூச்சு விட்டதுபோல மடங்கி, ஜன்னல் திண்டில் படுத்தது. பக்கத்தில் பாமாயில் தூண் அசையாமல் நின்றது. ப்ரெபென் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"விழுந்துச்சு! விழுந்துச்சு! விகோ, ஓடி வாப்பா!"

விகோ வந்தார், கோப்பையோடு.

"ஒத்துக்கறியா, மெரேட்டா?"

"ஒத்துக்கறேன். நீதான் ஜெயிச்ச."

"எங்க கொண்டாடறோம்?"

"நம்ம வீட்லதான்."

"எய்னர் வீட்டுக்கு?"

"போகவே மாட்டோம்."

கேட்கக் கேட்கத் திகட்டவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். வருஷக்கணக்கில் ஆட்டம் போட்ட அந்தக் கால்கள் அன்றைக்குத்தான் அடங்கின. சோபாவில் நீட்டிப் படுத்து, வயிற்றின்மேல் கை கோத்துக்கொண்டார். ஆகா, ஒரு வாத்து, ஒரு மரம், நிம்மதி. மெரேட்டா தொலைபேசியை எடுத்தாள்.

"அண்ணே, நாந்தான். நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. ப்ரெபென் ஒரே பிடியா நம்ம வீட்லதான்னு சொல்லிட்டாரு. அதனால நீங்க எல்லாரும் இங்க வந்துருங்க. ஆமா, பொண்ணுங்க, மாப்பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரும்தான். நாயையா? அதையும் கூட்டிட்டு வா. புதுவருஷம் வரைக்கும் இருக்கணும், சொல்லிட்டேன்."

ப்ரெபென் எழுந்து உட்கார்ந்தார். "மெரேட்டா! நான்தானே ஜெயிச்சேன்?"

"யாரு இல்லேன்னா? எங்கேங்கறது நீ சொன்ன. மத்ததெல்லாம் தோத்தவ பாத்துக்கணும். யாரக் கூப்புடறதுங்கறது மத்ததுல வராதா?"

"விகோ! நீயே சொல்லுப்பா!"

"நீதாம்ப்பா சொன்ன. எல்லாம்னா எல்லாமேன்னு," என்றார் விகோ. "நானும் வரேன்னு சொல்லியாச்சு."

"கல்யாணமான நாளா எங்கண்ணன ஒரு தடவையாவது நம்ம வீட்ல உக்கார வெச்சு, என் கையால வாத்து பரிமாறணும்னு கேக்கறேன்," என்றாள் மெரேட்டா. குரல் இறங்கிவிட்டது; இப்போது நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "வீடு சின்னது, வீடு சின்னதுன்னே காலத்த ஓட்டிட்ட. நான் வேற என்னதான் பண்றது?"

ப்ரெபென் மடங்கிக் கிடந்த சோயாவைப் பார்த்தார். நிமிர்ந்து நின்ற பாமாயிலைப் பார்த்தார். மெல்ல ஏதோ உறைத்தது.

"சோயா நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அது கண்ணாடிக் குடுவையில ஊத்தறது. வெறுமனே நிக்க வெச்சா வளையும். பையிலயே போட்டிருந்துச்சே."

"அப்ப எதுக்குப் பாமாயில நீ எடுத்த?"

"நான் சோயாவ எடுத்திருந்தா, நீ பாமாயில எடுத்திருப்பியா?"

நடந்தால்தான் யோசனை வரும் என்று ப்ரெபென் காலைத் தரையில் ஊன்றினார். அதற்குள் மெரேட்டா பரணிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

"அண்ணனுக்கும் அண்ணிக்கும் நம்ம படுக்கையக் குடுத்தாச்சு. இதெல்லாம் காத்து மெத்தை, ஓட்டை இருக்கான்னு இப்பவே பாக்கணும். ஜெயிச்சவரு சோபாவ விட்டு எந்திரிக்கக் கூடாது பாரு, அங்கேயே உக்காந்து ஒவ்வொண்ணா ஊது."